மாப்பிள்ளை போனில் கேட்ட புத்தகங்கள்

அன்பும் பொறுமையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். என் முழங்கால் நலமில்லை, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அங்கே நீங்களும் மகளும் சௌக்கியம் என்று நானே முடிவு செய்துகொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற வாரம் போனில், "மாமா, படிக்க நல்ல புத்தகம் ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்று கேட்டீர்கள். "அவரு பேச்ச முடிக்கறதுக்குக் கேட்டாரு, நீங்க ஆரம்பிக்கச் சொல்றாருன்னு நெனச்சுட்டீங்க" என்கிறாள் உங்கள் அத்தை. நான் நம்பவில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, லிஃப்ட் பழுது பார்க்கப் போய், மொட்டை மாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து தானாகவே படித்துத் தேறியவன் நான். இந்தக் குடும்பத்தில் என்னிடம் புத்தகம் கேட்ட முதல் ஆள் நீங்கள். கேட்டது கேட்டதுதான்.

முதலில் 'பரணில் ஒருவர்'. பேய் நாவல். ஆனால் இதில் பயப்படுவது பேய்தான். குடிவந்தவர்கள் சண்டை போட்டால் அது பரணில் ஏறிப் பாய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், பாவம். அடுத்தது 'குழாய்க் கசிவும் காரணங்களும்'. தொழில் நூல்தான், ஆனால் வாஷர் தேயும் அத்தியாயத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. 'கொஞ்சம் வாயைத் திறங்கள்' என்று ஒரு பல் மருத்துவர் எழுதிய கவிதைகள். வலிக்கப் போகிறது என்று தெரியும் இடத்தில் ஒவ்வொன்றும் நின்றுவிடும். 'மூன்றாவது சாவி' துப்பறியும் கதை. குற்றவாளி யார் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள், அதன்பிறகு இன்ஸ்பெக்டர் உட்பட எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள். கடைசியாக 'குடையின் வரலாறு'. அட்டை கிழிந்துபோனதால் எழுதியவர் யாரென்று தெரியாது. யாராயிருந்தாலும் நிறைய நனைந்தவர்.

இந்த ஐந்துக்கும்தான் இப்போது ஆபத்து வந்திருக்கிறது மாப்பிள்ளை. எங்கள் தெருமுனை நூலகத்தின் வாசலில் ஒரு மேசையைப் போட்டு, "பல வருடங்களாக யாரும் எடுத்துச் செல்லாத புத்தகங்கள். சனிக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் பழைய காகிதக் கடைக்குப் போகும்" என்று பலகை வைத்திருக்கிறார்கள். எட்டிப் பார்த்தால் என் ஐந்தும் வரிசையாக அங்கே! நான் எதையும் வீட்டுக்கு எடுத்து வருவதில்லை, வந்தால் உங்கள் அத்தை அதன்மேல் சூடான பாத்திரத்தை இறக்கிவைப்பாள் என்பதால் அங்கேயே உட்கார்ந்து படிப்பவன். அதனால் ஒன்றிலும் எடுத்துச் சென்ற தேதி முத்திரை இல்லை. இப்போது எடுக்கலாம் என்றால் என் உறுப்பினர் அட்டையை முடக்கி வைத்திருக்கிறார்கள். அது தனிக் கதை. தவறு என்னுடையது அல்ல.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். சலூன்காரரிடம் பேய் நாவலைப் படிக்கச் சொல்லி அனுப்பினேன். "பேய் அலமாரி பூராத் தேடிட்டேன், எங்கயும் இல்லைங்க ஐயா" என்று கோழி வளர்ப்புப் புத்தகத்தோடு திரும்பி வந்தார். அன்றிலிருந்து என் தலைமுடியை வெட்டும்போதெல்லாம் முட்டைப் பேச்சுதான். மாடி வீட்டு வங்கிக்காரரைக் கவிதைக்கு அனுப்பினேன். அவர் அது கிடைக்காமல் வாய் நோய்கள் பற்றிய நூலை எடுத்துவந்து, தினமும் காலையில் மாடிப்படியில் நின்று எனக்கு நாக்கை நீட்டிக் காட்டுகிறார். நான் பாராட்டுவதா பரிதாபப்படுவதா? மனிதர்களுக்குத் தேடத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் காகிதக் கடை என்றதும் பொறுக்கவில்லை. நேரே நூலகரம்மாவிடம் போனேன்.

"யாரும் எடுக்கலன்னா தூக்கிப் போட்டுருவீங்களாம்மா?"

"எடுக்கணும்னா மொதல்ல கண்ணுல படணும்ல ஐயா? கடைசி அலமாரி, கீழ்த் தட்டு, பழைய சட்டத் தொகுப்புக்குப் பின்னாடி அஞ்சையும் யாரோ அடுக்கி வெச்சிருக்காங்க. எந்தப் புண்ணியவானோ."

"யாரோ இல்லம்மா, நான்தான். பத்திரமா இருக்கட்டும்னு வெச்சேன்."

"எதுக்கு?"

"வேற யாராவது எடுத்துட்டுப் போயிட்டா?"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "ஐயா, இதப் படி அதப் படின்னு ஊரையே இங்க அனுப்பினது நீங்கதான?"

"ஆமா. நல்ல புத்தகம், நாலு பேரு படிக்க வேணாமா?"

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நல்ல புத்தகத்தை எல்லோரும் படிக்க வேண்டும், சரி. நல்ல புத்தகத்தைப் பாதுகாக்க வேண்டும், அதுவும் சரி. லிஃப்ட் மேலேயும் போகிறது, கீழேயும் வருகிறது, அதில் எது தப்பு என்று யாராவது கேட்கிறார்களா? உங்கள் அத்தையிடம் சொன்னேன். அவளும் தலையில் கைவைத்துக்கொண்டாள். பெண்கள் எல்லாம் பேசிவைத்துக்கொண்டு செய்கிறார்களா, தெரியவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, லீவு கிடைக்குமா என்று பார்க்காமல் சனிக்கிழமைக்குள் மகளோடு வந்து, உறுப்பினராகச் சேர்ந்து ஐந்தையும் எடுத்துவிடுங்கள். நான் இதுவரை அந்தப் பேயைப் பற்றி ஒரு ஆளிடம்கூடப் பேசியது கிடையாது. வீட்டில் ஆரம்பித்தால் உங்கள் அத்தை மிக்ஸியைப் போட்டுவிடுகிறாள். காகிதக் கடைக்குப் போய்விட்டால் அப்புறம் யாரிடம் பேச?

மகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கு நீண்ட ஆயுளும் நல்ல கண்பார்வையும் அமையட்டும், குடைப் புத்தகத்துக்கு இரண்டும் வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத மாமனார்

பி.கு.: இதைத் தபாலில் போடப் போகும் வழியில் நூலகத்தில் எட்டிப் பார்த்தேன். மேசை கிட்டத்தட்டக் காலி! பலகையைப் பார்த்து இரக்கப்பட்டு ஆளுக்கொன்றாக எடுத்துப் போய்விட்டார்களாம். பேய் சலூனுக்குப் போயிருக்கிறது. சலூன்காரர் ஒருவர் தலையைப் பாதியில் விட்டுவிட்டு, என்னைக் கண்டதும் தெருவுக்கே வந்து, "ஐயா, அது கடைசில பரணை விட்டு எறங்குமா எறங்காதா?" என்று கத்தினார். உள்ளே போய் உட்கார்ந்தேன். பாதித் தலைக்காரரும் சேர்ந்துகொண்டார். கடை சாத்தும்வரை பேசினோம். எனவே நீங்கள் அவசரமாக வர வேண்டாம், சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். குடை மட்டும் மேசையில் மிச்சமிருந்தது. வேறு யாராவது கொண்டுபோய்விடுவார்களே என்று பதறி, உங்களுக்காக எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டேன். அதே அலமாரி, அதே தட்டு. சட்டத் தொகுப்பு அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதால் இந்தத் தடவை அகராதிகளுக்குப் பின்னால். இடத்தை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். புத்தகத்தை மட்டும் அவசியம் எல்லோரையும் படிக்கச் சொல்லுங்கள்.