இரண்டு கிரெடிட்டுக்கு ஒரு கம்பெனி

சாஃப்ட்வேர் கம்பெனியில் மிளகு வாசனை அடிக்கக் கூடாது. இந்தச் சின்ன விஷயம் சாதிக் பாஷாவுக்கு அன்று காலை எட்டு மணிக்குத்தான் உறைத்தது. பதினோரு மணிக்குக் கல்லூரியிலிருந்து பேராசிரியர் வருகிறார்.

“புஷ்பா, அந்தச் சாம்பிராணியைப் போடு!”

புஷ்பலதா அவருடைய கடையில் ஒன்பது வருஷமாக மிளகும் காப்பித்தூளும் பாக்கெட் போடுகிறவள். அன்று ஒரு நாளைக்கு மட்டும் சீனியர் புரோகிராமர். கழுத்தில் நீல நாடாவோடு அடையாள அட்டைகூடத் தொங்கியது.

“ஏனுங்க பாய், சாம்பிராணி போட்டா கம்பெனி மாதிரி இருக்குமுங்களா? தர்கா மாதிரியல்ல இருக்கும்?”

“மிளகு மண்டி மாதிரி இருக்கறதுக்கு அது தேவலை. போடும்மா!”

போட்டாள். எல்லோருக்கும் கண் எரிந்தது. புகை போகட்டும் என்று சாதிக் பாஷா ஜன்னலைத் திறந்தார். ஜனவரி மாதத்து ஏற்காட்டில் ஜன்னலைத் திறந்தால் என்ன வரும்? பனிமூட்டம் வந்தது. கூப்பிடாத சொந்தக்காரன் மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. ஜன்னலைச் சாத்திய பிறகு மிளகும் சாம்பிராணியும் ஈரமும் ஒன்றாகக் கலந்து ஒரு வாசனை எழும்பியது. அது உலகத்தில் எந்தத் தொழிலுக்கும் பொருந்தாத வாசனை.

இவ்வளவு பாடும் எதற்கு? இரண்டே இரண்டு கிரெடிட்டுக்கு.

சாதிக் பாஷாவின் ஒரே மகள் ஆஃப்ரின் சேலத்தில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். தினமும் காலையில் பஸ்ஸில் மலை இறங்கி, சாயங்காலம் மலை ஏறுகிற பிள்ளை. டிகிரி வாங்கப் பாடங்களில் தேறினால் மட்டும் போதாதாம். ஏதாவது ஒரு கம்பெனியில் நாலு வாரம் பயிற்சி எடுக்க வேண்டுமாம். அதற்கு இரண்டு கிரெடிட். அந்த இரண்டு குறைந்தால், எட்டு செமஸ்டரும் பாஸ் பண்ணியிருந்தாலும் பட்டம் கிடையாது.

பெங்களூரில் ஒரு நல்ல கம்பெனி அவளுக்கு இடம் கொடுத்திருந்தது. முந்நூறு பேர் எழுதிய தேர்வில் பன்னிரண்டு பேரை எடுத்தார்கள். அதில் இவள் ஒருத்தி. டிசம்பர் முதல் வாரத்தில் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள்.

“நாலு வாரமா? பெங்களூர்லயா? தனியாவா?” என்றார் சாதிக் பாஷா.

“ஹாஸ்டல் குடுக்கறாங்கத்தா. எங்க கிளாஸ் சாராவும் வர்றா.”

“வேண்டாம் கண்ணு. மலை எறங்கினா பொழுதுக்குள்ள ஏறிப்போடோணும். உனக்கு சர்டிபிகேட் தானே வேணும்? அத்தா வாங்கித் தர்றேன்.”

அவள் அழவில்லை. சண்டை போடவில்லை. “சரிங்கத்தா” என்று கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் இவரும் பதிலுக்கு நாலு கத்துக் கத்திவிட்டு மறந்திருப்பார். அந்த “சரிங்கத்தா” மீன் முள் மாதிரி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

சர்டிபிகேட் தருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. ஏற்காட்டில் கம்பெனிக்கு எங்கே போவது? காப்பி எஸ்டேட் இருக்கிறது, லாட்ஜ் இருக்கிறது, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜிக் கடை இருக்கிறது. ஆகவே சேலத்துக்குப் போய் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டு வந்தார். ‘ஷெவராய் கிளவுட் டெக், ஏற்காடு. நிர்வாக இயக்குநர்: சாதிக் பாஷா.’ கிளவுட் என்றால் மேகம் என்று ஸ்டாம்ப் கடைக்காரர் சொன்னதும், நம்மூரில் அதற்கா பஞ்சம் என்று உடனே சம்மதித்துவிட்டார்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் மனுஷன் தப்பித்திருப்பார். விதி யாரை விட்டது? கல்லூரிப் படிவத்தில் ‘பணியாளர் எண்ணிக்கை’ என்று ஒரு கட்டம் இருந்தது. தானும் புஷ்பலதாவும் சேர்த்து இரண்டு. இரண்டு என்று எழுத ஒரு நிர்வாக இயக்குநருக்குக் கை வருமா? இருபத்தைந்து என்று எழுதினார். நாலு வாரமும் முடிகிற நேரத்தில் கல்லூரியிலிருந்து பதில் வந்தது. இத்தனை பேருக்கு வேலை தரும் நிறுவனம் ஏற்காட்டு மலையிலேயே இருப்பதில் மிக்க மகிழ்ச்சி, பேராசிரியர் சத்யராஜ் நேரில் வந்து பார்வையிடுவார் என்று எழுதியிருந்தது.

கடிதத்தைப் படித்துவிட்டு அவர் மனைவி பர்ஹானா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“அவளைப் பெங்களூருக்கு அனுப்பியிருந்தா இந்நேரம் முடிச்சுட்டு ஊட்டுக்கே வந்திருப்பா.”

உண்மைதான். ஆனால் உண்மையை வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்ஷனைச் சமாளிக்க முடியாதே! மூடிப்போன பிரவுசிங் சென்டர் ஒன்றிலிருந்து மூன்று பழைய மானிட்டர்களைத் தூக்கிவந்தார். மிளகு மூட்டைகளின் மேல் போர்வையை விரித்து அவற்றை வரிசையாக வைத்தார். உள்ளே எதுவும் ஓடாது, வெறும் மானிட்டர்தான். கடைப் பலகையைப் பர்ஹானாவின் பழைய சேலையால் மூடினார். பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் விஜயகுமாரைப் புராஜக்ட் மேனேஜராக நியமித்தார்.

“பாய், எனக்குக் காப்பிச் செடியைத் தவுர ஒண்ணுந் தெரியாதுங்க. சார் ஏதாச்சும் கேட்டுப்போட்டா?” என்று விஜயகுமார் நடுங்கினார்.

“எதைக் கேட்டாலும் ‘டெட்லைன் நெருங்கிருச்சுங்க சார்’னு சொல்லிப்போடுங்க. அந்தத் தொழில்ல அல்லாரும் அதைத்தான் சொல்றாங்களாம்.”

பேராசிரியர் சத்யராஜ் பத்தரைக்கே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் மின்னும் ஷூ, கையில் தோல் பை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிவந்ததில் முகம் கொஞ்சம் பச்சையாக இருந்தது.

“வணக்கமுங்க. நான் சத்யராஜ்.”

“டெட்லைன் நெருங்கிருச்சுங்க சார்” என்றார் விஜயகுமார்.

சாதிக் பாஷா ஓடிவந்து நாற்காலியைப் போட்டார். பேராசிரியர் சுற்றிலும் பார்த்தார். ஒரு மூலையில் ஆஃப்ரின் தலை குனிந்து நின்றாள். இன்னொரு மூலையில் புஷ்பலதா, வயர் இல்லாத கீபோர்டில் பட்டாணி உரிக்கிற வேகத்தில் தட்டிக்கொண்டிருந்தாள்.

“மானிட்டர்ல ஒண்ணும் ஓடலீங்களே?”

“கரண்ட் இல்லைங்க சார்” என்றார் சாதிக் பாஷா. தலைக்கு மேலே டியூப் லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

பேராசிரியர் நிமிர்ந்து அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு நோட்டைத் திறந்தார்.

“இருபத்தஞ்சு பேருன்னு எழுதியிருந்தீங்க. மத்தவங்களெல்லாம்?”

“ஊட்டுல இருந்தே வேலை செய்யறாங்க சார்.”

“ஓ! அந்த வசதி வேற உண்டுங்களா?” குறித்துக்கொண்டார். “சம்பளமெல்லாம் எந்தத் தேதியில போடறீங்க?”

“ஒண்ணாந்தேதி காலையில எட்டு மணிக்கு, டாண்ணு.”

“பி.எஃப்.?”

“இல்லாமயா சார்!”

“வயசு வரம்பு ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?”

இது எதற்கு என்று சாதிக் பாஷாவுக்குப் புரியவில்லை. இருந்தாலும் பொய் சொல்ல ஆரம்பித்தவனுக்கு அளவு ஏது?

“நாங்க வயசே பாக்கறதில்லைங்க சார். தெறமைதான்.”

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. அதையும் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். “தங்கறதுக்கு எடம்?”

சாதிக் பாஷா யோசிக்காமல் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். பனி விலகிய இடத்தில் ஒரு வெள்ளைக்காரன் காலத்து எஸ்டேட் பங்களா தெரிந்தது. அதன் ரைட்டர் விஜயகுமார் எச்சிலை விழுங்கிக்கொண்டு, “டெட்லைன் நெருங்கிருச்சுங்க சார்” என்றார்.

அப்போதுதான் வாசலில் ஒரு டூரிஸ்ட் தலையை நீட்டினார். “அண்ணா, நல்ல மிளகு கால் கிலோ போடுங்க!”

எல்லோரும் உறைந்து போனார்கள். ஆஃப்ரின் மட்டும் உறையவில்லை. அவள் கை பழக்கத்தில் தானாக எழுந்தது. போர்வையை விலக்கி, மூட்டையில் கையை விட்டு, மிளகை அள்ளிக் கவரில் போட்டுத் தராசில் வைத்தாள். சரியாக இருநூற்று ஐம்பது. அவள் தராசைப் பார்க்கக்கூட இல்லை.

ஒரு மாதத்துக்கு முன்பு அவளுக்கு மிளகை அள்ளவே தெரியாது, பாதி கீழே சிந்தும். முந்நூறு பேரில் பன்னிரண்டில் ஒன்றாக வந்த கை அது. கம்பெனிப் பயிற்சி என்று கடையில் நின்ற நாலு வாரத்தில் அந்தக் கைக்கு இவர் கற்றுக்கொடுத்தது இதுதான். பாவி, என்ன காரியம் பண்ணினாய் என்று சாதிக் பாஷா தன்னையே கேட்டுக்கொண்டார்.

டூரிஸ்ட் போனதும் பேராசிரியரின் முன்னால் கை கூப்பி நின்றார்.

“சார், இது கம்பெனி இல்லைங்க. மிளகுக் கடை. இருபத்தஞ்சு பேரும் இல்லை, ஒருத்தரும் இல்லை. புள்ளை மேல ஒரு தப்பும் இல்லீங்க. பெங்களூர்ல நல்ல எடம் கெடைச்சுது, நாந்தாங்க பயந்துட்டு வேண்டாம்னேன். எனக்கு அவளை உட்டுட்டு இருக்கத் தெரியலை, அவ்வளவுதான். ஒரு வாய்ப்புக் குடுங்க சார், நானே அவளை அங்க கொண்டுபோய் உடறேன்.”

“அந்த எடம் போன மாசமே வேற பொண்ணுக்குப் போயிருச்சுங்கத்தா” என்றாள் ஆஃப்ரின் மெதுவாக.

சாதிக் பாஷா பக்கத்து மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பேராசிரியருக்குக் கோபம் வரவில்லை. முகம் மட்டும் சுண்ணாம்பாக வெளுத்தது.

“அப்ப... அந்த பி.எஃப்.?”

“பொய்யிங்க சார்.”

“வயசு பாக்கறதில்லைன்னீங்களே?”

“கம்பெனியே இல்லைங்களே சார்!”

பேராசிரியர் நோட்டை மூடினார். வெகுநேரம் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஆஃப்ரின் பக்கம் திரும்பினார்.

“கண்ணு, நீ பயந்துக்காதே. ரூல்ல ஏழாவது செமஸ்டர் வரைக்கும் டைம் இருக்குது. மே மாச லீவுல நாலு வாரம் பண்ணினாலும் அதே ரெண்டு கிரெடிட்தான். ஏனுங்க பாய், இதை ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பனே?”

ஒரு போன்! ரப்பர் ஸ்டாம்ப், மானிட்டர், சாம்பிராணி எதுவுமே தேவைப்பட்டிருக்காது. சாதிக் பாஷாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“அதே கம்பெனி மார்ச்ல மறுபடி பரிட்சை வெக்குதுங்க சார்” என்றாள் ஆஃப்ரின். “ஆனா போன தடவை மாதிரி கெடைக்குமான்னு சொல்ல முடியாதுங்க.”

“எழுது சாமி. எந்த ஊரா இருந்தாலும் போ” என்றார் சாதிக் பாஷா. ஆஃப்ரின் அப்பாவைப் பார்த்தாள். டிசம்பருக்குப் பிறகு அவள் அவரை நேராகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

புஷ்பலதா அடையாள அட்டையைக் கழற்றிவிட்டுக் காப்பி போட்டு வந்தாள். பேராசிரியர் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. அடுத்த பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அப்போதும் அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

“சார், இன்னும் என் மேல கோவமுங்களா?” என்று சாதிக் பாஷா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“கோவமெல்லாம் இல்லீங்க” என்றபடி சத்யராஜ் பையிலிருந்து ஒரு நீளக் கவரை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். “நான் மெக்கானிக்கல் டிபார்ட்மெண்டுங்க, புள்ளைங்க சேராததால வர்ற ஜூனோட எங்களை மூடறாங்க, இருபத்தஞ்சு பேரு வேலை செய்யற கம்பெனின்னு பாத்ததும், பயோடேட்டா குடுக்கலாமேன்னு நாந்தான் பிரின்சிபால்கிட்டக் கெஞ்சி இந்த இன்ஸ்பெக்ஷனையே வாங்கிட்டு வந்தனுங்க.”