இஷ்யூ ஆகிப்போன முந்திரிக் கட்டுரை

யாருமே எடுத்துப் போகாத ஒரு கட்டுரை திரும்பி வருமென்று மாதக்கணக்கில் காத்திருந்த ஆள் இந்தப் பூமியில் ஒருவர்தான். பெரம்பலூரில் என்னோடு எம்.ஃபில். படித்தார். கல்லூரியே அவரை ‘ரிட்டர்ன்’ என்றுதான் கூப்பிட்டது.

ஜெயங்கொண்டத்துக்காரர். முந்திரி வியாபாரம் பற்றி ஆய்வு. பழைய ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றில் வந்த முந்திரிக் கட்டுரையைப் படிக்காமல் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று கைடு கறாராகச் சொல்லிவிட்டார். கையெழுத்து இல்லையென்றால் பட்டம் இல்லை. மனுஷன் நூலகத்துக்கு ஓடினார். நூலகப் பட்டியல் பெட்டியில் அந்தக் கட்டுரைக்கான அட்டையில் ‘வால்யூம் 9, இஷ்யூ 2’ என்றிருந்தது. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

நூலகத்தில் இஷ்யூ என்றால் இரவல் கொடுப்பது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இரண்டு காப்பியும் வெளியே போய்விட்டன என்று முடிவுகட்டினார். தினமும் கவுன்ட்டரில் நின்று, "ரிட்டர்ன் ஆயிடுச்சாங்க?" என்பார். நூலகர் அம்மா, திரும்பி வந்த புத்தகக் குவியலை ஒரு பார்வை பார்த்துவிட்டு இல்லை என்பார்.

பொறுக்க முடியாமல் பஸ் ஏறி அரியலூரில் ஒரு நூலகத்துக்குப் போனார். அங்கேயும் இஷ்யூ 2! யாரோ ஊர் ஊராகப் போய் முந்திரிக் கட்டுரையை மட்டும் அமுக்குகிறான் என்று நம்ப ஆரம்பித்தார். கடைசியில் சந்தேகம் என் மேல் விழுந்தது. என் டிபன் பாக்ஸில் முந்திரி போட்ட பொங்கலைப் பார்த்துவிட்டாராம்.

ஆய்வேடு கொடுக்கும் நாள் நெருங்கியபோது தயங்கித் தயங்கி வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க. நீங்க எடுத்திருந்தா ஒரே ஒரு நாள் குடுங்க. படிச்சிட்டுத் தந்துடறேன்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அட்டையைக் காட்டச் சொன்னேன். பார்த்ததும் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டுவிட்டேன்.

"ஒரு வருஷத்துப் பத்திரிகையெல்லாம் சேர்ந்தா ஒரு வால்யூமுங்க. அதுல ரெண்டாவதா வந்ததுதான் இஷ்யூ ரெண்டு. இதை யாரும் எடுத்துட்டுப் போகலை."

கவுன்ட்டர் பக்கத்தில் அவர் தினமும் சாய்ந்து நின்ற அலமாரியிலேயே அது தூசியோடு இருந்தது. நூலகர் அம்மாவுக்கே பாவமாகிவிட்டது. பத்திரிகைகளை வெளியே தரும் வழக்கமில்லை. இருந்தாலும், இவரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். ரிட்டர்ன் மறுத்துவிட்டார்.

"வேணாங்க. நான் எடுத்துட்டுப் போற நேரம் பார்த்து வேற யாராச்சும் வந்து கேட்டா? பாவம், நிக்கிறது எவ்ளோ கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும்."

நூலகம் மூடும்வரை அங்கேயே உட்கார்ந்து படித்தார். மறுவாரம் கைடும் கையெழுத்துப் போட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்த மனுஷன்தான். ஆனால் அன்றைக்கு அவர் சொன்ன அந்தப் பதிலுக்காகவே அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.