நர்ஸம்மாவைக் கூப்பிடப் போன குதிரை

மாமியார் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே நான் குதிரையேற்றம் கற்றுக்கொண்டேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த சமயம். ரோடெல்லாம் வெட்டிச் சாய்த்த புளியமரங்கள். எங்கள் ஊர் தியாகதுருகத்தில் பஸ்ஸே இல்லை. கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குத் தலைப்பிரசவத்துக்குப் போகவேண்டிய என் மனைவி ஆண்டாள் இங்கேயே மாட்டிக்கொண்டாள்.

"எங்கம்மாவையாவது இட்டாந்துடுங்க" என்றாள்.

மாமியார் கொளஞ்சியம்மாளோ, தீபாவளிச் சண்டையில், "மாப்ள நேர்ல வந்து கூப்புடாம அந்த வாசப்படிய மிதிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். நான் ஏன் கூப்பிடுகிறேன்?

"பஸ் ஏது? வலி வந்தா குதிரைல போயி கள்ளக்குறிச்சி நர்ஸம்மாவ இட்டாரேன்."

"உங்களுக்குக் குதிர ஓட்டத் தெரியுமா?"

"கத்துக்கறேன்."

"சரி. பிச்சமுத்துகிட்ட நானே சொல்லி வுடறேன்."

சண்டை போடாமல் சம்மதித்தாளே, அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஜட்கா ஓட்டுகிற பிச்சைமுத்து எங்கிருந்தோ ஒரு பழுப்புக் குதிரையை ஏரிக்கரைக்குக் கொண்டுவந்தார். முதல் நாள், ஏறிய வேகத்திலேயே மறுபக்கம் இறங்கிவிட்டேன்.

"கழுத்தக் கட்டிக்கினா எப்பிடிங்க? முதுவ நிமித்துங்க."

"உழுந்துடுவேன்யா."

"கீழ பாத்தா உழுவீங்க. தூரமா பாருங்க. குதிகால அமுக்குங்க. கயித்த மட்டும் இழுக்காதீங்க, அது போக்குல வுடுங்க."

விழுந்து எழுந்து ஒருவழியாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். குதிரை ஓடினாலும் நான் ஆடவில்லை. மார்பு அகலமாகிவிட்டது போலிருந்தது. வாடிய ஆண்டாளின் முகத்தைப் பார்க்கும்போது மட்டும் உள்ளுக்குள் பயம்.

"இன்னிக்கே போயி நர்ஸம்மாகிட்ட சொல்லி வச்சிட்டு வாங்க" என்றாள் ஒரு காலையில்.

சாய்ந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி வரை ராஜா மாதிரி போனேன். நர்ஸம்மா தெருவுக்குத் திருப்பினேன். குதிரை திரும்பவில்லை. கயிற்றை இழுத்தேன். அது மேற்கே பார்த்து ஓட்டமெடுத்தது. தூரத்தில் தெரிந்த மலை பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வாசலில் நின்றது.

மாமியார் மூட்டை முடிச்சோடு நின்றிருந்தார். குதிரை அவர் தோளில் மூக்கைத் தேய்த்தது.

"வாங்க மாப்ள. மலைக்கு மூட்ட தூக்குன எங்க குதிரதான் இது, நீங்க பாத்ததில்ல. எங்க வுட்டாலும் வூடு வந்து சேந்துடும். நீங்க உழாம ஒக்காரக் கத்துக்கினதும் அனுப்பறேன்னு ஆண்டாளு பிச்சமுத்துகிட்ட சொல்லி வுட்டா."

வாசலிலேயே நின்றார். நான் கூப்பிட வேண்டுமாம்.

ஆண்டாளின் முகம் நினைவுக்கு வந்தது. "வாங்க அத்த" என்றேன், மனதார.

திரும்பும்போது குதிரை மேல் அவர். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே நான். பாதி வழியில் மேலேயிருந்து குரல் வந்தது.

"மாப்ள, முதுவ நிமித்தி நடங்க."