செவலைக்குச் சதை பிடிக்கட்டும்

"அழகுக்குப் பண்ற ஆபரேஷனுக்கெல்லாம் கம்பெனி பணம் கொடுக்காதுங்க, கிராணி."

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் நாகரத்தினம் இதைச் சொல்லிவிட்டு அம்மா கொடுத்த தேநீரை ஊதிக் குடித்தார். எதிரே அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்காலி என்பது பேச்சுக்கு. அது பெஞ்சு. எங்கள் வீட்டு நாற்காலிகள் போன வருஷமே உடைந்துவிட்டன.

அம்மா அப்பாவை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

"அழகுக்கா? யாரு அழகுக்கு?"

"மூட்டு வலிக்குது, மூச்சு வாங்குது, சக்கரை இருக்கு. இதெல்லாம் அழகாலா?" என்றார் அப்பா.

"அதுக்கெல்லாம் மருந்து வாங்கினா கொடுப்பாங்க. வயித்தத் தைக்கறதுக்குக் கொடுக்க மாட்டாங்க. கம்பெனி சொல்லுது, நான் சொல்லல."

ஏஜெண்ட் போய்விட்டார். பாலிசி போட வந்தபோது பிஸ்கட் கொண்டுவந்தவர். இந்தத் தடவை வெறுங்கை.

அப்பா தங்கையா எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தராசுக் கிராணி, அதாவது எடை எழுதும் குமாஸ்தா. கொழுந்து எடுக்கிற பெண்கள் கூடையைத் தராசுக் கொக்கியில் மாட்டுவார்கள். அப்பா எடை பார்த்து எழுதுவார். மழையில் நனைந்த கொழுந்து என்றால் தண்ணீருக்கென்று கொஞ்சம் கழிப்பார். அதற்குப் பெயர் கழிவு. வெயில் அடித்தாலும் கழிப்பார். அதற்குப் பெயர் அப்பா.

தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் அவரிடம் சோற்றைக் குறைத்து மேட்டில் நடக்கச் சொல்லியிருந்தார். அது வேறு யாருக்கோ சொன்னது என்று அப்பா எடுத்துக்கொண்டார். பிறகு பேப்பரில் ஒரு செய்தி படித்தார். கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குண்டானவர்களுக்கு இரண்டு விதமாக ஆபரேஷன் செய்கிறார்களாம். ஒன்று, வயிற்றைத் தைத்துச் சின்னதாக்குவது. இன்னொன்று, குடலைக் குறுக்கு வழியில் இணைத்துவிடுவது. நடக்காமலே இளைக்கலாம் என்பதுதான் அப்பாவுக்குப் பிடித்த இடம்.

எதைச் செய்துகொள்வது என்று தினமும் சாப்பிடும்போது யோசிப்பார். யோசனை நீளும். சோறும் நீளும்.

"தையல்தான் நல்லது, அம்சு. குடல்ல கை வச்சா கழிவுல தொல்லையாம்."

"நீங்க போடாத கழிவா?" என்றாள் அம்மா. "மொதல்ல வாயத் தைச்சுப் பாப்போம். ஊசி நூலு வீட்டுலயே இருக்கு."

கம்பெனி கையை விரித்த அன்று ராத்திரி அப்பா புது முடிவோடு எழுந்தார்.

"செவலைய வித்துடலாம்."

செவலை அம்மாவின் பசு. கொழுந்து எடுத்த கூலியில் அவளே வாங்கியது. பால் மற்ற கிராணிகள் வீடுகளுக்குப் போகும், சாணி காய்கறித் தோட்டத்துக்குப் போகும். அதில் வருவது அம்மாவுக்கு. இந்த வீட்டில் அப்பாவைக் கேட்காமல் அவள் செலவழிக்கிற காசு அது ஒன்றுதான். சட்டி பறக்கும் என்று நான் தள்ளி உட்கார்ந்தேன்.

"சரி. வித்துக்கங்க," என்றாள் அம்மா.

எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவுதானா இந்த அம்மா என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அவளே பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து மாடு பார்க்க முருகையா என்பவரைக் கூட்டிவந்தாள். அவர் செவலையைச் சுற்றிவந்தார். விலா எலும்பைத் தடவினார். உதட்டைப் பிதுக்கினார்.

"எலும்புக்கு யாருலா காசு கொடுப்பா? சதை பிடிக்கட்டும், கிராணி. அப்புறம் லோரி கொண்டாறேன்."

"எப்படிப் பிடிக்கும்?"

"மேல் மலையில நல்ல புல்லு. காலையில ஓட்டிட்டுப் போங்க. சாயங்காலம் ஒரு கட்டு அறுத்துச் சுமந்துட்டு வாங்க."

அப்பா என்னைப் பார்த்தார்.

"எனக்கு வேலை தேடணும்," என்றேன். பள்ளியில் கடைசியான ஐந்தாம் படிவம் முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறேன். தேடத்தானே வேண்டும்?

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"எனக்குக் கொழுந்துக்கு நேரமாச்சு. ஆபரேஷன் உங்களுக்குத்தானே?"

முதல் நாள் அப்பா செவலையை ஓட்டிப் போகவில்லை. செவலைதான் அப்பாவை இழுத்துப் போனது. திரும்பி வந்தவர் பாதி சாப்பாட்டிலேயே தூங்கிவிட்டார். மிச்சத்தை அம்மா செவலைக்கு வைத்தாள்.

பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

"ஏன் இன்னிக்கு இவ்வளவுதான் சோறு?"

"செவலைக்குச் சதை பிடிக்கணும்ல? அதுக்கும் சேத்துத்தான் வடிச்சேன்."

"கறி?"

"கறிக் காசுல தவிடு வாங்கியாச்சு."

அப்பா தலையாட்டினார். "மாட்டுக்குப் போடறது ஆபரேஷனுக்குப் போடற மாதிரி," என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னார்.

செவலை பளபளத்தது. அப்பாவின் காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. மாட்டுக் கயிற்றில் ஒரு துண்டு அறுத்துக் கட்டிக்கொண்டார். மலையில் செவலையோடு பேசவும் ஆரம்பித்திருந்தார். துரை திட்டியது, மூட்டுவலி, எல்லாம்.

"நல்லா கேட்டுக்குது, அம்சு. எதுத்துப் பேசறதே இல்ல."

"நானும் கல்யாணமான புதுசுல அப்படித்தான் இருந்தேன்," என்றாள் அம்மா.

ஒரு மழை நாளில் நான் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனபோது, எடை போடும் இடத்தில் கொழுந்து எடுக்கும் பாஞ்சாலை அக்கா அப்பாவை மறித்துக்கொண்டிருந்தார்.

"கிராணி, எங்க கூடையவே எத்தன நாளு நிறுப்பீங்க? நீங்க ஒரு தடவ தொங்குங்க பாப்போம்."

அப்பா கொக்கியைப் பிடித்துத் தொங்கினார். ஆறு மாதத்துக்கு முன் என்றால் கூரையும் கூடவே வந்திருக்கும். முள் எங்கேயோ கீழே நின்றது.

"தராசு கெட்டுப்போச்சா?" என்றார் அப்பா.

"தராசு நல்லாத்தான் இருக்கு. சட்ட ஈரம். கழிவு போடுங்க."

"நான் என்ன கொழுந்தா?"

"கொழுந்து இல்ல, முத்தின இல. அதுக்குத் தனிக் கழிவு."

அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கூடையைத் தட்டினாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் முருகையாவின் லோரி வந்து மாட்டுக் கொட்டகை பக்கமாக நின்றது.

"லோரி வந்துடுச்சு. ஏத்துங்க," என்றாள் அம்மா.

அப்பா கயிற்றை அவிழ்க்கப் போனார். செவலை அவர் கையை நக்கியது. அவர் முடிச்சிலிருந்து கையை எடுத்தார். பிறகு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"மாட்டேன்."

"என்ன மாட்டேன்?"

"மாட்ட ஏத்த மாட்டேன்."

"அப்ப ஆபரேஷன்?"

"எந்த வயித்தத் தைக்கறது? இருந்தாத்தானே தைக்க? நீ போலா, அம்சு."

முருகையா லோரியிலிருந்து காலி சாக்குகளோடு இறங்கினார். அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"அக்கா, இன்னும் சொல்லலையா? கிராணி, நான் மாட்டு யாவாரி இல்லீங்க. கோபிஸ் காய்கறித் தோட்டம் வச்சிருக்கேன். வருஷக்கணக்கா எங்க ஆளு ஏத்திட்டு வர்ற உங்க வீட்டுச் சாணிதான் எங்க தோட்டத்துக்கு எரு. அன்னிக்கு அக்கா சொல்லச் சொன்னதச் சொன்னேன்."

அப்பா செவலையின் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை போலிருக்கிறது.

"சரி, சாணி மூட்டையையாவது ஏத்துங்க," என்றாள் அம்மா.

அப்பா அதையும் ஏற்றவில்லை. செவலைக்கு மலைக்குப் போகிற நேரமாகிவிட்டதாம்.