நாற்காலிக்குப் போட்ட மாலை

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை பாலாஜி அவர்களுக்கு, உங்கள் மாமனார் பெரம்பலூர் சாமிதுரை எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் அத்தை கமலவேணி நலம். அங்கு நீங்களும் மகள் தமிழ்மொழியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். வழக்கமாக ‘நாங்கள் இருவரும் நலம்’ என்று எழுதுவேன். இந்த முறை என்னைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாததால் அத்தையோடு நிறுத்திக்கொண்டேன்.

போன் பண்ணாமல் கடிதம் எழுதுகிறேனே என்று தப்பாக நினைக்க வேண்டாம். போன் ஆபீஸ் டிராயரில் கிடக்கிறது. வேலை நேரத்தில் போனைக் கண்ணில் படாமல் பூட்டி வையுங்கள் மாமா என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பூட்டினேன். சாவி இப்போது அவரிடம் இருக்கிறது. அவர் யார் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆடிக்கு வந்திருந்தபோது உங்களிடம் புலம்பினேன் அல்லவா, அரியலூரில் எங்கள் லாரி ஆபீஸில் பொங்கலுக்குப் பிறகு ஒரு சீட்டைக் குறைக்கப் போகிறார்கள், போவது நானா, பக்கத்துச் சீட்டுப் பிள்ளை சிவரஞ்சனியா தெரியவில்லை என்று? கறிச்சோறு சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் எனக்கு வகுப்பெடுத்தீர்கள். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் இருக்க வேண்டும், கஷ்டமானதைக் காலையில் முதல் வேலையாக முடிக்க வேண்டும், எதையும் அரைகுறையாக விட்டுவைக்கவே கூடாது என்றீர்கள். நானும் செய்து பார்த்தேன் மாப்பிள்ளை. மேசை காலியானதும் அதில் தலை வைத்துத் தூங்கத்தான் வசதியாக இருந்தது. குறை உங்கள் யோசனையில் இல்லை, என் உடம்பு அப்படிப் பழகிவிட்டது.

ஆயுத பூஜை வந்தது. கம்ப்யூட்டரிலிருந்து எடை மேடை வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். எல்லோரும் மிஷினுக்குப் பொட்டு வைக்கிறார்கள், இந்த ஆபீஸில் ஓடாத மிஷின் நான்தானே என்று எனக்குத் தோன்றியது. நெற்றியில் வைத்துக்கொண்டால் சிரிப்பார்களென்று நான் உட்காரும் நாற்காலிக்கு வைத்தேன். மிச்சமிருந்த மாலையையும் தூக்கி அதன் முதுகில் போட்டேன். சிவரஞ்சனி பதறிவிட்டது.

“ஐயய்யோ, ஆளு இருக்கும்போதே சீட்டுக்கு மாலையா? மொதல்ல எடுங்க சார்!”

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், நான் எடுக்கவில்லை. பூஜை போட்டதை மறுநாள் வரை தொடக் கூடாது என்று வியாக்கியானம் பேசினேன். பேசியதோடு விட்டேனா, சிறுவாச்சூர்க் காளியை நினைத்துக் கும்பிட்டு, “தாயே, இந்தச் சீட்டுக்கு ஒரு நல்ல வேலக்காரனக் குடு” என்று வாய்விட்டு வேண்டினேன்.

அரியலூர்த் தூசி உங்களுக்குத் தெரியும். சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற ரோடு. ஜன்னலை மூடிவிட்டுப் போனாலும் காலையில் எல்லா மேசையும் விபூதி பூசின மாதிரி வெளுத்திருக்கும். லீவு முடிந்து போனால் என் மேசை மட்டும் பளிச்சென்று இருந்தது. ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று நான் போட்டுவைத்திருந்த லோடு விவரமெல்லாம் முடிந்து, அடியில் என் கையெழுத்து. சிவரஞ்சனி உதவி செய்திருக்கிறது என்று நினைத்துப் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். பாக்கெட்டைக் காலி செய்துவிட்டு அந்தப் பிள்ளை சொல்கிறது, “நான் எதுக்கு சார் ஒங்க வேலயச் செய்யப்போறேன்? எஞ் சீட்டு போறதுக்கா?” நியாயம்தான்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். மேனேஜர் ஜெயசீலன் கூப்பிட்டுக் கை குலுக்கினார். “ஒங்க சீட்டுக்கு இனிமே பயமே இல்ல சாமிதுரை” என்றார். வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தேன். எவன் செய்தால் என்ன, பேர் நம்ம பேர்தானே என்று இருந்துவிட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

ஒரு நாள் டீ கொண்டுவரும் செங்கமலம் என்னைத் தாண்டிப் போனாள். எனக்கு எங்கே என்றேன்.

“இப்பத்தான குடிச்சீங்க? சக்கர போட்டா தூக்கம் வருதுன்னு போடாமக் குடிச்சீங்களே!”

மாப்பிள்ளை, நான் ஜென்மத்தில் சர்க்கரையை வேண்டாமென்றவன் இல்லை. மேசையில் டம்ளர் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், சூடு. நாற்காலியைத் தொட்டேன், அதுவும் சூடு.

அப்புறம் வாசலில் விரல் வைக்கிற மிஷின் சிவப்பு விளக்கைப் போட்டு, ‘ஏற்கெனவே வந்துவிட்டீர்கள்’ என்றது. மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். அன்றைக்கும் சிவப்புதான். வெளியே நின்று ஜன்னல் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். என் சீட்டில் ஒருவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். என் முதுகை நான் எங்கே பார்த்திருக்கிறேன்? ஆனாலும் சட்டைக் காலரில் உங்கள் அத்தை போட்ட ஒட்டு தெரிந்தது. கையைப் பின்னால் கொண்டுபோய் என் காலரைத் தடவினேன், எனக்கும் ஒட்டு இருந்தது. கண்ணாடியைத் தட்டினேன். சிவரஞ்சனி எழுந்து வந்தது, என் முகத்துக்கு நேரே கண்ணாடியில் இருந்த தூசியைத் துணியால் துடைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

நேற்று சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வந்தால், உங்கள் அத்தை பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறாள். “இப்பல்லாம் மனுசன் நேரத்துக்கு வூட்டுக்கு வந்துடறாரு. பாவக்காயக் கேட்டு வாங்கிச் சாப்புடறாரு. கொரட்டகூட இல்லடி!” அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வாசலில் என் செருப்பு கிடந்தது. என் காலிலும் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது மாப்பிள்ளை. நான் சீட்டைத்தானே காப்பாற்றச் சொன்னேன், கமலவேணியையும் சேர்த்தா எழுதிக் கொடுத்தேன்?

இப்போது அவர் சாப்பிடப் போயிருக்கிறார். அந்த நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவரிடம் நான் பேச முடியாது. ஆள் நல்ல வேலைக்காரர், கூச்சமாக இருக்கிறது. நீங்கள் சொன்னால் கேட்பார், எல்லாம் உங்கள் பேச்சுப்படி நடப்பவர்தான். ஒரே ஒரு நாள் லீவு போடச் சொல்லுங்கள். அந்த ஒரு நாள் நான் உட்கார்ந்து வேலை பார்த்துக் காட்டுகிறேன். சத்தியமாகத் தூங்க மாட்டேன். எழுதுகிற கையில் தூசி வெள்ளையாகப் படிகிறது, துடைத்தால் மறுபடியும் படிகிறது, யாரும் தொடாத சாமான் மேல் படிவதுபோல. செருப்புச் சத்தம் கேட்கிறது. தின்ன சோறு தொண்டையில் இறங்குவதற்குள் வந்துவிடுகிறார். உங்கள் இருவருக்கும் என் ஆசி, குலம் தழைத்து

பி.கு: நீங்கள் இருவரும் குலம் தழைத்து, குறைவில்லாமல் வாழ ஆசீர்வதிக்கிறேன். நானும் கமலவேணியும் நலம். மேலே உள்ளதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் மாப்பிள்ளை. சாப்பிட்டுவிட்டு வந்தால் மேசையில் ஒரு கடிதம் அரைகுறையாகக் கிடந்தது. எதையும் அப்படி விடக் கூடாது என்று நீங்கள் சொன்னபடி, முடித்துத் தபாலில் சேர்க்கிறேன். நாற்காலியில் ஒரு ஆள் அளவுக்குத் தூசி கிடந்தது, துடைத்துவிட்டேன். லீவு எதுவும் தேவைப்படாது.