'உம்' கொட்டிய சுவர்

எங்கள் மேழிநாட்டில் ஒருவர் பேசினால் கேட்பவர் 'உம்' கொட்டியே ஆக வேண்டும். கொட்டாதவனுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். நாட்டின் பெருமையே அந்த 'உம்'தான்.

நீதிபதியின் முத்திரையில்லாமல் குடிமக்கள் பேச்சை எவரும் ஒட்டுக்கேட்கக் கூடாது என்பது பழைய சட்டம். மன்னர் மகுடேசர் அதைப் பெரிதும் மதித்தார். மதித்துக்கொண்டே, ஐயத்துக்குரிய வீடுகளில் இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவில் ஒட்டுக்கேட்க ஒரு செவியரை நிறுத்தினார். ஐயத்துக்குரியவர் யார் என்பது கேட்டுப் பார்த்தால்தானே தெரியும்? ஆகவே எல்லா வீட்டிலும் நிறுத்தினார். வீடுகள் சுருங்கின, மக்கள் ஒருக்களித்துப் படுத்தார்கள். செவியர்களுக்குக் காது வலிக்கிறதென்று கிசுகிசுப்பதும் தடைசெய்யப்பட்டது.

ஓடக்காரன் சுடலைமுத்து சோற்றில் கை வைத்தபடி, "ராஜா மகுடம் கோணலா இருக்குடி" என்றான். மறுநாள் சிறையில் இருந்தான். அவன் மனைவி செண்பகவடிவு நீதிமன்றம் ஏறினாள்.

"எங்கிட்ட மட்டும் சொன்னதுங்க சாமி. சுவரும் 'உம்'னுச்சு. அப்பவே எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு."

அமைச்சர் தருக்கவாணர் சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே! மன்னரே நாடு. நாடு தன் பேச்சைத் தானே கேட்பது ஒட்டுக்கேட்பதாகுமா? அதற்குப் பெயர் சிந்தனை! தங்களைப் போன்ற மேலோரிடம் செவியர் நெருங்குவதேயில்லை."

நீதிபதி மனம் குளிர்ந்து, மன்னருக்குச் சாதகமாக முத்திரையைக் கையில் எடுத்தார்.

"ஒரே ஒரு கதை சொல்லிக்கிறேன் சாமி," என்றாள் செண்பகவடிவு. "ஒரு ஊர்ல ஒரு நீதிபதி இருந்தாராம்."

"உம்," என்றது சபை.

"அவரு ராஜாவைப் பத்தித் தன் சம்சாரத்துகிட்ட ரகசியமா ஒண்ணு சொன்னாராம்."

"உம்."

"என்ன சொன்னாருன்னா..."

நிறுத்திவிட்டாள். அவிழ்ந்த கொண்டையை நிதானமாக முடிந்தாள். சபை முன்னால் சாய்ந்தது. நீதிபதியின் ஆசனத்துக்கு அடியிலிருந்து ஒரு குரல் தாங்கமாட்டாமல் கேட்டது:

"உம்... அப்புறம்?"

நீதிபதி துள்ளி எழுந்தார். நின்றபடியே தீர்ப்பெழுதினார்: சட்டம் மன்னருக்கும் உண்டு. அன்று மாலையே சுடலைமுத்து வீடு வந்து காலை நீட்டிப் படுத்தான். எங்களுக்கு அது எத்தனை பெருமை!

மன்னர் சும்மாயிருப்பாரா? செவியர்கள் இனி 'உம்' கொட்டக் கூடாது என்று ஆணையிட்டார். கடமை தவறாத அவர்கள் சந்தையிலும், பெற்ற தாயிடமும்கூடக் கொட்டுவதில்லை. ஆகவே இப்போதெல்லாம் எங்களுக்கு ஆளை அடையாளம் காண்பது சுலபம். எதிரில் இருப்பவர் 'உம்' கொட்டாவிட்டால், மன்னரை வாழ்த்திவிட்டு மழையைப் பற்றிப் பேசுவோம்.

அதிருக்கட்டும். நானும் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் ஒரு 'உம்'கூடக் கொட்டவில்லையே?

மன்னர் வாழ்க. உங்கள் பக்கம் மழை உண்டா?