எந்தக் கால்?

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வாசற்படியில் ஏறிய பிறகுதான், தனக்கு உடைந்தது எந்தக் கால் என்று முடிவு செய்யாமலே கிளம்பி வந்துவிட்டது பிரேக் அக்காவுக்கு உறைத்தது.

உண்மையில் எந்தக் காலும் உடையவில்லை. இரண்டும் கிண்ணென்று இருந்தன. வம்பு வந்தது இடது மார்பில். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட ஒரு கட்டி, புற்றுநோய் என்று பெயர் வாங்கிக்கொண்டு, ஊசி மருந்து, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு என்று ஒரு வருஷத்துக்கு மேல் அவளை ஆட்டிப் படைத்தது. இப்போது உடம்பில் ஒன்றுமில்லை, தாராளமாக வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அத்தனையையும் தாங்கிக்கொண்டவளால் தாங்க முடியாதது "ஐயோ பாவம்" ஒன்றுதான். சொந்தக்காரர்கள் கதவைத் தட்டும்போதே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். நாத்தனார் ஒருத்தி இவள் மொட்டைத் தலையைத் தடவித் தடவி அழுத அழுகையில், நோயாளியே எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

வேலை செய்யும் இடத்திலாவது அந்தப் பார்வை வேண்டாம் என்றுதான், "வேற ஏதாவது சொல்லி லீவு கேளுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர் அவர். போனைப் பிடித்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து, மாடியிலிருந்து விழுந்து கால் உடைந்துவிட்டது என்று முதலாளியிடம் உளறி வைத்தார். அவர்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது.

படியில் நின்றபடியே அவருக்கு போன் போட்டாள்.

"எந்தக் கால்னு சொன்னீங்க?"

"கால்னு சொன்னேன்."

"அதான், எந்தக் கால்?"

"அவர் கேக்கல, நானும் சொல்லல. ஏன், இப்ப எது வலிக்குது?"

போனை வைத்துவிட்டு, வருவது வரட்டும் என்று இடது காலை இழுத்து இழுத்து உள்ளே போனாள். முதலாளி எழுந்து வந்து வரவேற்றார். நல்ல மனுஷர்தான், ஆனால் எதையும் துருவித் துருவிக் கேட்காமல் விடமாட்டார். வலது கால் என்றல்லவா நினைத்தேன் என்றார். அவசரத்தில் அவளும், "ரெண்டும்தான் சார், இது கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் அவள் பிழைப்பே கவிழ்ந்தது. பயிற்சி வண்டியில், கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்து இருக்கையில் இவள் உட்காருவாள். அங்கே இவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எத்தனையோ வருஷம் எத்தனையோ பேரை மரத்திலும் மதிலிலும் மோதவிடாமல் அந்த பிரேக்தான் காப்பாற்றியது, பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். ஊசி மருந்து ஏறிப் புரட்டிப் புரட்டி வாந்தி எடுத்த நாட்களிலும், படுத்த இடத்தில் அவள் வலது கால் மெத்தையை அழுத்திக்கொண்டிருக்கும். அந்த இருக்கைக்குத் திரும்பிவிட்டால் போதும், தான் பழையபடி ஆகிவிட்டோம் என்று அவள் மனசில் ஒரு கணக்கு.

முதலாளி கணக்கு வேறாக இருந்தது. இரண்டு காலும் உடைந்தவளை நம்பி பிரேக்கைக் கொடுப்பது எப்படி? மேஜையில் உட்கார்ந்து போனை எடுங்கள் என்றார். இந்த மாதம் முடிவதற்குள் கால் சரியானால் பார்ப்போம், இல்லாவிட்டால் வண்டி மீசைக்குத்தான் என்றும் சொல்லிவிட்டார். மீசை என்பது இவள் லீவில் போனபோது புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர். முகத்தில் முக்கால்வாசி அதுதான்.

மேஜையில் உட்கார்ந்தவளுக்கு யாருடனாவது மனசு விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. அந்த ஒரு வருஷத்தில் "ஐயோ பாவம்" சொல்லாத ஒரே ஆள், கதிர்வீச்சு அறையின் கூரையில் இருந்த ஸ்பீக்கர். இவளைப் படுக்கவைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துவிட்டு, எல்லோரும் வெளியே போய்க் கனத்த கதவைச் சாத்திக்கொள்வார்கள். கதிர் இதயத்தில் படாமலிருக்க மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். எப்போது அடக்குவது, எப்போது விடுவது என்று கூரையிலிருந்து ஒரு பெண் குரல் சொல்லும். "மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க. இப்ப விடுங்க." ஊரையே அதட்டி வண்டி ஓட்ட வைத்தவள் அந்தக் குரலுக்குப் பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடந்தாள். அந்தக் குரலின் முகத்தை இவள் பார்த்ததே இல்லை, ஆனால் அந்தப் பெண் கேமராவில் இவளைத் தினமும் பார்ப்பாள், இவள் எங்கே கார் கற்றுத்தருகிறாள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் கடுப்பில் கூரையைப் பார்த்து, "எனக்கு இவ்வளவு உத்தரவு போடுறீங்களே, உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டாள். "தெரியாது டீச்சர், அசையாதீங்க" என்றது குரல். இவள் சிரித்துத் தொலைத்ததில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது.

இங்கே அப்படிச் சிரிக்க வழியில்லை. இரண்டு காலுக்கும் நியாயம் செய்ய வேண்டுமே என்று, காலையில் இடது காலையும் சாப்பாட்டுக்குப் பிறகு வலது காலையும் நொண்டினாள். வலி இப்படி முறை போட்டுக்கொண்டா வரும் என்று மீசை கேட்டார். உள்ளுக்குள் நரம்பு ஒன்றுதானே என்று சமாளித்தாள். இன்னொரு நாள் அவள் பையிலிருந்து ஒரு குட்டித் தலையணை விழுந்தது. சீட் பெல்ட் தழும்பில் உரசாமலிருக்க, நெஞ்சில் வைத்துக்கொள்ளும்படி ஆஸ்பத்திரியில் கொடுத்தது. அது என்ன என்று மீசை கேட்டுவைக்க, முட்டிக்கு என்று வாயில் வந்துவிட்டது. அன்றிலிருந்து வேலை நேரம் முழுக்க முட்டியின் மேல் தலையணையோடு உட்கார வேண்டியதாகிப் போனது.

எல்லாவற்றுக்கும் மேல் முடி. சொந்த முடி இப்போதுதான் இரண்டு விரற்கடை முளைத்திருந்தது. மேலே போட்டிருந்தது கடையில் வாங்கிய விக், அதுவும் கொஞ்சம் தாராளமான விக். முதலாளிக்குத் தலையில் பின்பக்கம் மட்டும் ஒரு வேலி மிச்சம். அவர் அந்த முடியையே பார்த்தார். கால் உடைந்து கிடந்த சமயத்தில் இப்படி வளர்ந்திருக்கிறதே, என்ன போட்டீர்கள் என்று நச்சரித்தார்.

"ஒண்ணும் போடல சார். படுத்தே இருந்தேன், அவ்வளவுதான்."

மறுநாளிலிருந்து முதலாளி சாப்பிட்டதும் அலுவலக பெஞ்சில் நீட்டி நிமிர்ந்து படுக்க ஆரம்பித்தார். மாலையில் எழுந்ததும் கண்ணாடி முன் நின்று தலையைத் தடவிப் பார்ப்பார்.

இந்த லட்சணத்தில்தான் "ம்" அம்மா வந்து சேர்ந்தாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அம்மாவுக்கு அங்கே இருக்கும் பெண் பயிற்சியாளர்தான் வேண்டுமாம் என்று, மகள் போன் பண்ணிச் சேர்த்துவிட்டிருந்தாள். முதல் நாள் மத்தியானம் வந்தவள் பிரேக் அக்காவைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து வாயைத் திறந்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளேயிருந்து, "உடைஞ்ச கால் இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார். இடது கால் பரவாயில்லை, வலதுதான் குத்துகிறது என்று இவள் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால், திறந்த வாயை அந்தம்மா மூடிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் திறக்கவே இல்லை. ஆமாம் என்றால் "ம்", இல்லை என்றால் "ம்ஹும்". சிலருக்கு வண்டியைப் பார்த்தாலே தொண்டை அடைத்துக்கொள்ளும், பயம்தான் என்று பிரேக் அக்கா எல்லோருக்கும் விளக்கம் சொன்னாள். மீசை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் "ம்ஹும்" என்று தலையாட்டிவிட்டு, அந்தம்மா பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வாள். தினமும் இதே கதை. முதலாளிக்குப் படுக்க இடமில்லாமல் போயிற்று.

முடி வளருகிற நேரமெல்லாம் வீணாகிறதே என்று பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், மாதக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்.

"நாளைக்கு மைதானத்துல ஒரு சோதனை. இந்தம்மா ஓட்டட்டும், நான் பின்னாடி உக்காந்து 'நிறுத்து'ன்னு சொல்றப்ப நீங்க ஒரு சடன் பிரேக் போடணும். போட்டுட்டா வண்டி உங்களுது. இல்லேன்னா மேஜைதான், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

மறுநாள் காலை கண்ணாடி முன்னால் அவள் நின்ற நேரம் அதிகம். விக்கைச் சரி பண்ணினாள். எடுத்துவிட்ட மார்புக்குப் பதிலாக உள்ளாடையில் வைக்கும் சிலிகான் துண்டை இரண்டு தடவை எடுத்து எடுத்து வைத்தாள். வீட்டுக்காரர் தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஒண்ணு ஃபர்ஸ்ட் கியர்ல இருக்கு. இன்னொண்ணு டாப் கியர்ல நிக்குது."

அவர் மேல் சீப்பை விட்டெறிந்தாள். ஆனால் சிரித்துக்கொண்டேதான் எறிந்தாள், துண்டைக் கொஞ்சம் இறக்கியும் வைத்தாள். இன்று கோட்டை விட்டால் அந்த இருக்கை போயே போய்விடும் என்று வாசலில் நின்று சொன்னபோது மட்டும் அவள் சிரிப்பு நின்றிருந்தது. அவர் தலையணையை எடுத்து அவள் பையில் வைத்தார்.

மைதானத்து ஓரத்தில் காலி தார் பீப்பாய்கள் அடுக்கியிருந்தன. "ம்" அம்மா ஓட்டுநர் இருக்கையில் ஏறிக்கொண்டாள். பக்கத்தில் பிரேக் அக்கா, முட்டியில் தலையணை, தழும்பின் மேல் நேராக பெல்ட். அவளுக்குப் பின்னால் முதலாளி. வேடிக்கை பார்க்க மீசையும் ஏறிக்கொண்டார்.

கிளட்ச், கியர் என்று பிரேக் அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல வண்டி ஊர்ந்தது. முதல் தடவைக்குப் பெரிய குறையொன்றும் சொல்ல முடியாது. பீப்பாய்களுக்கு நேரே வந்ததும் முதலாளி "நிறு" என்றார். "த்து" என்பதற்குள் "ம்" அம்மா பதறிப்போய், பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாக மிதித்துவிட்டாள். வண்டி பீப்பாய்களைப் பார்த்துப் பாய்ந்தது. முதலாளிக்குப் பாதி வார்த்தை தொண்டையில் நின்றுவிட்டது. கைக்கு அகப்பட்டதை இறுகப் பற்றிக்கொண்டார்.

பிரேக் அக்காவின் கால் எதையும் யோசிக்கவில்லை. இடதா வலதா, எது உடைந்தது, எது முறை, ஒன்றும் கிடையாது. போய் இறங்கியது. வண்டி முக்கி முனகிக்கொண்டு பீப்பாய்க்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அவள் முன்னால் போய்த் திரும்பி இருக்கையில் விழுந்தாள். தலை மட்டும் லேசாகக் குளிர்ந்தது.

முதலாளி தன் கையில் இருந்ததைப் பார்த்தார். பிறகு அவள் தலையைப் பார்த்தார். பிறகு மறுபடியும் கையைப் பார்த்தார்.

"நான் லேசாத்தான் புடிச்சேன்," என்றார், அழாத குறையாக. "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். ஒட்டிடுவாங்க. இப்பல்லாம் எல்லாத்தையும் ஒட்டிடுறாங்க."

பிரேக் அக்காவுக்கு மூச்சு நெஞ்சுக்குள் சிக்கிக்கொண்டது. இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்தது முதலாளி கையில் தொங்கியது. இனி அந்தப் பார்வை வரும், அந்த வார்த்தை வரும், வண்டியும் போகும். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உள்ளே போன காற்று வெளியே வரமாட்டேன் என்றது, வெளியே இருந்தது உள்ளே வரமாட்டேன் என்றது.

"மூச்சை இழுங்க."

இழுத்தாள்.

"பிடிங்க. அசையாதீங்க."

பிடித்தாள். அசையவில்லை.

"இப்ப விடுங்க."

விட்டாள். சொன்னது யார் என்று மனசு கேட்பதற்குள் உடம்பு கீழ்ப்படிந்துவிட்டது. கண்ணைத் திறந்து, பழக்க தோஷத்தில் நேரே கூரையைப் பார்த்தாள். வண்டியின் கூரையில் ஸ்பீக்கர் எதுவும் இல்லை. பக்கத்தில் "ம்" அம்மா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பீப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கால் உடைந்தால் முடி கொட்டுமா என்று மீசை மெல்லக் கேட்டார். ஒழுங்காக மூச்சு வந்துவிட்டதால் பிரேக் அக்காவுக்குத் தைரியமும் வந்திருந்தது.

"கால் உடையவே இல்ல. மார்புல புற்றுநோய் சார். வைத்தியம் முடிஞ்சு போச்சு, நான் நல்லா இருக்கேன். யாரும் என்னைப் பாவம்னு பாக்கக் கூடாதுன்னுதான் பொய் சொன்னேன்."

அவள் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். முதலாளி நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தார்.

"அப்ப இந்த முடி?"

"கடையில வாங்கினது."

"அப்ப நான் தினம் தினம் பெஞ்சுல படுத்துக் கிடந்தது?"

முதலில் மீசைக்குப் புரையேறியது. அப்புறம் பிரேக் அக்கா சிரித்தாள், தழும்பு இழுத்து வலிக்க வலிக்கச் சிரித்தாள். முட்டியிலிருந்த தலையணையை எடுத்து பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவே, அதற்குரிய இடத்தில், எல்லோர் முன்னாலும் வைத்துக்கொண்டாள். முதலாளி விக்கை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, மனசே இல்லாமல் திருப்பிக் கொடுத்தார். நாளையிலிருந்து வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள், பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்து இருக்கைக்குத் திரும்பினாள்.

"பேசத் தெரியும்ல உங்களுக்கு? அப்புறம் எதுக்கு இத்தனை நாளா என்கிட்ட 'ம்' கொட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்க?"

அந்தம்மா பீப்பாயிலிருந்து கண்ணை எடுத்து முதல் தடவையாக அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"வந்த அன்னைக்கே நான் வாயைத் திறந்திருந்தா, உங்க ரெண்டு காலும் அன்னைக்கே குணமாயிருக்குமே டீச்சர்."